தகவமைப்பு என்றால் என்ன? ஊருணிக் கரையிலிருந்து ஓர் எளிய விளக்கம்

போன பங்குனியில் காரைக்குடியில் ஒரு பொதுக் கருத்தரங்குக்குப் போயிருந்தேன். சூழலியல், இயற்கைப் பாதுகாப்பு, காலநிலைத் தகவமைப்பு என்று மூன்றையும் ஒரே மாலையில் பேசினார்கள். பக்கத்து நாற்காலியில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் ஆச்சி. மடியில் மஞ்சப்பை, கையில் பனையோலை விசிறி. முதல் பேச்சு முடிவதற்குள் ‘தகவமைப்பு’ என்ற சொல் இருபது தடவையாவது வந்திருக்கும். ஆச்சி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்கள்:

“தம்பி, தகவமைப்பு தகவமைப்புங்கிறாகளே, அது நம்ம செய்யிறதா, கடையில வாங்குறதா?”

“செய்யிறதுதான் ஆச்சி” என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், “என்ன செய்யணும்?” என்று அடுத்துக் கேட்டால் எனக்குப் பதில் வராது என்று உறைத்தது. மேடையிலும் அதற்குப் பதில் வரவில்லை. வரைபடங்கள் வந்தன, திரையில் உலக உருண்டை சிவப்பாக மாறியது, கைதட்டினோம், வீட்டுக்கு வந்துவிட்டோம். அந்தக் கேள்வி மட்டும் என்னோடு வந்துவிட்டது.

கேட்கத் தெரியாத ஊர் இல்லை இது. சா. கணேசன் 1939-ல் தொடங்கிய கம்பன் கழகத்தின் விழாக்களில் மணிக்கணக்காக உட்கார்ந்து, ஒரு பாட்டின் ஒரே சொல்லுக்கு இரண்டு மூன்று பொருள் கேட்டுப் பழகியவர்கள் இங்கே உண்டு. சொல் புரிந்தால் எவ்வளவு நேரமும் உட்காருவார்கள். சூழலியல் கருத்தரங்குகள் இன்னும் நிறைய நடக்க வேண்டும், நம் பெரியவர்களும் பிள்ளைகளும் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். அப்படி முதல்முறை போகிறவர்களுக்காக, மேடையில் அடிக்கடி வரும் சில சொற்களை நம் வீட்டையும் ஊருணியையும் வைத்தே விளக்கிப் பார்க்கிறேன்.

வானிலை, காலநிலை, ஒன்றரை டிகிரி

இன்றைக்கு மழை வருமா என்பது வானிலை. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்று எண்ணி விதைப்பையும் வீட்டு விசேஷத்தையும் முன்கூட்டியே கணக்குப் பண்ணுகிறோமே, அந்தக் கணக்கு காலநிலை. வழக்கமாக 30 ஆண்டுச் சராசரியை வைத்து அதைச் சொல்வார்கள். ஒரு வருடம் மழை பொய்த்தால் அது வானிலை. அடைமழை என்ற சொல்லையே பயன்படுத்த முடியாத அளவுக்கு மழை பெய்யும் விதமே மாறிக்கொண்டு போனால் அது காலநிலை மாற்றம்.

எவ்வளவு மாறியிருக்கிறது? காலநிலை மாற்றத்தை ஆராய 1988-ல் அமைந்த ஐ.பி.சி.சி. என்ற பன்னாட்டுக் குழு, 1850 முதல் 1900 வரையிலான சராசரி வெப்பத்தை அடிக்கோடாக வைத்து அளக்கிறது. அதைவிட 2011–2020 பத்தாண்டில் உலகின் சராசரி வெப்பம் சுமார் 1.1 டிகிரி செல்சியஸ் கூடியிருந்தது. 2024-ஐ மட்டும் தனியாக எடுத்தால், உலக நாடுகள் தாண்டாமல் பார்க்க முயலும் 1.5 டிகிரியையே தாண்டிவிட்டது.

அந்த 1850 என்ற ஆண்டைப் பார்த்ததும் எனக்குக் கானாடுகாத்தான் தெருக்கள்தான் நினைவுக்கு வந்தன. செட்டிநாட்டின் பெரிய வீடுகள் எழும்பியது ஏறக்குறைய 1850-க்கும் 1940-களுக்கும் இடையில். உலகம் எதைப் ‘பழைய நிலை’ என்று குறித்து வைத்திருக்கிறதோ, பெரும்பாலும் அந்தக் காலநிலையைப் பார்த்துக் கட்டிய வீடுகள் இவை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அடுத்து, எப்போதும் ஜோடியாக வரும் இரண்டு சொற்கள்: தணிப்பு, தகவமைப்பு. வெப்பம் ஏறுவதற்குக் காரணமான, கரியமில வாயு கலந்த புகையைக் குறைப்பது தணிப்பு. நிலக்கரிக்குப் பதில் சூரிய ஒளி, பெட்ரோலுக்குப் பதில் மின்சாரம், அந்த மின்சாரத்தைச் சேமித்து வைக்க நல்ல மின்கலம், எல்லாம் இதில் அடங்கும். இந்த வேலைக்கு நாம் தூரமாகப் போக வேண்டியதில்லை. நம் ஊர் சிக்ரியில், அதாவது மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தில், நடக்கும் மின்கல ஆராய்ச்சி இந்த வகைதான். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் அடிக்கல் நாட்டப்பட்டு, 1953-ல் திறக்கப்பட்ட நிறுவனம் அது.

ஆனால் இன்றைக்கே உலகம் முழுவதும் புகையை நிறுத்தினாலும், ஏற்கெனவே ஏறிய சூடு உடனே இறங்கிவிடாது. அந்தச் சூட்டோடும் அது கொண்டுவரும் மழையோடும் வறட்சியோடும் நாமும் நம் பிள்ளைகளும் வாழ்ந்தாக வேண்டும். அப்படி வாழ்வதற்கு ஏற்றபடி வீட்டை, வயலை, நீர்நிலையை, வேலை நேரத்தை, பழக்கத்தை மாற்றி அமைத்துக்கொள்வது தகவமைப்பு. சொல்லைப் பிரித்துப் பார்த்தாலே விளங்கும். தகவு என்றால் பொருத்தம். பொருந்தும்படி அமைத்துக்கொள்வதுதான் தகவமைப்பு.

தணிப்பில் நம் பங்கு சிறியதாகத் தோன்றலாம், பலன் உலகம் முழுவதற்கும் பிரிந்துவிடும். தகவமைப்பு அப்படியில்லை. கண்டனூரில் ஓர் ஊருணிக்கு வரும் தண்ணீரைச் சரிசெய்தால் பலன் கண்டனூருக்குத்தான். நாமாகச் செய்தால்தான் உண்டு, வேறு ஊர்க்காரர் நமக்காகச் செய்து தர முடியாது.

வளவில் விழும் மழை

செட்டிநாட்டு வீட்டு வளவில், அதாவது நடுமுற்றத்தில், மழை பெய்யும்போது நின்றிருக்கிறீர்களா? நான்கு பக்கக் கூரையும் உள்நோக்கிச் சரிந்திருக்கும். முதலில் ஓட்டின் விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழும். அப்புறம் நான்கு பக்கமும் திரை கட்டியது போல இறங்கும். முதல் மழையைப் பிடிக்க விடமாட்டார்கள். ஓட்டில் கிடக்கும் தூசி, சருகு, காக்கை எச்சம் எல்லாம் கழுவிக்கொண்டு போகட்டும் என்று விட்டுவிடுவார்கள். கூரை கழுவினது போல ஆன பிறகுதான் அண்டாவும் கிடாரமும் வெளியே வரும். வாயில் வெள்ளை வேட்டித் துணியைக் கட்டி வடிகட்டிப் பிடித்த தண்ணீர் குடிக்க, சமைக்க. மீதி, வளவின் ஓரத்துக் கல் வடிகாலில் இறங்கி, வீட்டுக்கு அடியிலேயே ஓடித் தெருவுக்கு வரும். தெருவிலிருந்து ஊருணிக்கு.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் சரியாக 1 லிட்டர் தண்ணீர். நம் பக்கம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை என்று வைத்துக்கொள்வோம். கூரை 200 சதுர மீட்டர் என்றால் 1,80,000 லிட்டர். ஐந்து பேர் உள்ள வீட்டில் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் போதும் என்றால், வருடத்துக்கு 9,000 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. கூரையில் விழுவதில் இருபதில் ஒரு பங்கு. மீதியை வீடு ஊருக்கு அனுப்பியது. இதை முதன்முதலில் நோட்டில் எழுதிப் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, வெகுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருணி என்றால் ஊரார் உண்ணும் நீர் நிற்கும் இடம். கண்மாய் பாசனத்துக்கு, கோயில் குளம் தீர்த்தத்துக்கும் குளியலுக்கும், ஊருணி குடிப்பதற்கு. செம்புறாங்கல் சுவர், இறங்கப் படித்துறை, தண்ணீர் வந்து சேர வரத்துக்கால், மிஞ்சினது வெளியேறக் கலுங்கு. கல்லால் கட்டியது இவ்வளவுதான். கல்லால் கட்டாத பகுதிதான் பெரியது. ஊருணியில் கால் நனைக்கக் கூடாது, மாடு இறங்கக் கூடாது, துணி துவைக்கக் கூடாது, வரத்துப் பக்கம் யாரும் அசிங்கம் பண்ணக் கூடாது. மழைக்கு முன்னால் வரத்துக்காலை வெட்டிவிட வேண்டும். கோடையில் வற்றும்போது வண்டல் அள்ள வேண்டும், அள்ளியவர் அதை வயலுக்குப் போட்டுக்கொள்ளலாம். பார்த்துக்கொள்ள ஆள் உண்டு, அவருக்குக் கூலி உண்டு, மீறினால் கேட்க ஊர் உண்டு.

அந்த ஏற்பாட்டில் எல்லாம் சரியாக இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஒரே படித்துறை இருந்ததில்லை. சாதி பார்த்துத் தள்ளி நிற்க வைத்ததும், தண்ணீருக்காக ஒரு சாரார் காத்துக் கிடந்ததும் நடந்தவை. அதை மீட்டெடுக்க வேண்டிய தேவை நமக்கில்லை. மீட்டெடுக்க வேண்டியது, நீருக்கு ஊரே பொறுப்பு என்ற ஏற்பாட்டை.

தகவமைப்பு என்றால் நான் புரிந்துகொண்டது இதைத்தான். கல் கட்டடம் அதில் பாதிகூட இல்லை. யார், எப்போது, எதைச் செய்வது என்ற ஏற்பாடுதான் அதன் உயிர். ஏற்பாடு விட்டுப்போன ஊரில் ஊருணி அப்படியே நிற்கிறது, தண்ணீர் மட்டும் வருவதில்லை.

ஒரு குழாயின் கதை

இதை நேரில் பார்த்தது ஐப்பசியில். இரண்டு நாள் நல்ல மழை. தெருவெல்லாம் தண்ணீர், ஆனால் எங்கள் ஊருணியில் பாதங்கூட மறையாத அளவுதான். எங்கள் தெரு அண்ணன் ஒருவர், “வா, வரத்தைப் பார்த்துட்டு வருவோம்” என்றார். ஊருணியிலிருந்து தண்ணீர் வந்த திசையை நோக்கி மேலே நடந்தோம். முக்கால் கிலோமீட்டர்கூட இருக்காது.

முதல் வளைவிலேயே வரத்துக்காலுக்குள் சீமைக்கருவேலம் இடுப்புயரம். அதற்கு மேலே, வீட்டுமனைக்கு நட்ட கற்கள் காலின் பாதி அகலத்தைத் தின்றிருந்தன. அப்புறம் சாலை. சாலையைக் கடக்க அடியில் சிமென்ட் குழாய் போட்டிருக்கிறார்கள். குழாயின் மேல்பக்கம் குளம்போல் தண்ணீர், கீழ்ப்பக்கம் ஈரம் மட்டும். அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, நீளக் கம்பை உள்ளே விட்டுக் குடைந்தார். முதலில் ஒரு தென்னைமட்டை. பின்னால் கிழிந்த பிளெக்ஸ் ஒன்று, யாரோ வீட்டு விசேஷத்துக்கு வைத்தது. அதற்குப் பின்னால் வாய்கட்டிய குப்பை மூட்டைகள் மூன்று. மூன்றாவதை இழுத்ததும் ‘களக்’ என்று ஒரு சத்தம். பழுப்பு நுரை வந்தது, பிறகு கறுப்புச் சேறு, பிறகு தண்ணீர் குழாய் நிறைய ஓடத் தொடங்கியது. நாங்கள் திரும்பி வந்தபோது தண்ணீர் எங்களுக்கு முன்னாலேயே ஊருணிக்குப் போய்விட்டிருந்தது. மறுநாள் காலையில் இரண்டு படி மூழ்கியிருந்தது.

அந்த ஊருணியைத் தூர்வாரக் கேட்டு மனுமேல் மனு போட்டிருக்கிறோம். குழாயை எட்டிப் பார்க்க மட்டும் இத்தனை நாளாக யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

பழையபடி செய்தால் போதுமா?

இங்கேதான் அந்த 1850-ஐ மறுபடி நினைக்க வேண்டும். ‘நம் முன்னோர் எல்லாம் செய்து வைத்திருக்கிறார்கள், அதை மீட்டாலே போதும்’ என்று மேடைகளில் சொல்லும்போது கைதட்டல் பலமாக இருக்கும். எனக்கும் அந்தப் பெருமை உண்டு. ஆனால் பாதிதான் உண்மை. முன்னோர் அவர்கள் காலத்து மழைக்கு அமைத்தார்கள், நம் காலத்து மழை வேறு.

காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்து வைக்கும். பிடித்து வைத்ததைக் கொட்டும்போது மொத்தமாகக் கொட்டும். கொட்டிய பிறகு அடுத்த மழைக்கு இடைவெளி நீளலாம். வருடக் கூட்டுத்தொகை அதே 900 மில்லிமீட்டராகவே இருக்கட்டும். பத்து நாளில் நிதானமாகப் பெய்ய வேண்டியது ஒரே இரவில் பெய்தால் கதை வேறு. கண்மாய் நிறைய ஓரளவு பெருமழை வேண்டும்தான், தூறலில் கண்மாய் நிறையாது. ஆனால் அளவுக்கு மீறினால் மேல்மண்ணை அரித்துக்கொண்டு வந்து கண்மாய்க்குள் நிரப்பும், கலுங்கு தாங்காது, கரை உடையும். உடைந்த கண்மாயின் தண்ணீர் அடுத்த கண்மாயை உடைக்கும், ஏனென்றால் நம் கண்மாய்கள் ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குப் போகும்படி சங்கிலியாகக் கோத்தவை. அதே கண்மாயை மாசியில் போய்ப் பார்த்தால் தண்ணீரை வெயில் குடித்துக்கொண்டிருக்கும். நாளுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியானால் 100 நாளில் அரை மீட்டர் தண்ணீர் போய்விடும்.

ஆகவே தூர்வாருவது பழைய வேலை. வரத்து நுழையும் இடத்தில் வண்டல் தங்க ஒரு குழி, இன்றைய பெருமழைக்குத் தக்க அகலத்தில் கலுங்கு, கரையில் நிழல் தரும் மருதும் புங்கையும், உபரி நீர் அடுத்த கண்மாய்க்குப் போகும் வழியில் தடையில்லாமல் பார்ப்பது, இவையெல்லாம் புதிய வேலை. இரண்டும் சேர்ந்தால்தான் தகவமைப்பு.

வீட்டுக்கும் இதே கதைதான். கனத்த சுவர் பகல் வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விடும். உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சூடேறிய காற்று வளவு வழியாக மேலே போகும், வாசல்களின் வழியே புதுக்காற்று வரும். சுண்ணாம்புப் பூச்சு சுவருக்கும், ஆத்தங்குடித் தரைக்கல் காலுக்கும் குளிர்ச்சி. ஆனால் இந்த வீடு பகலில் வாங்கிய சூட்டை இரவில் இறக்கி வைத்தாக வேண்டும். இரவே குளிராத பங்குனி, சித்திரையில் அதனால் முழுதாக இறக்கி வைக்க முடியாது. பெரிய வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சிமார்களை நினைத்தால் எனக்கு இதுதான் கவலை. ஊருக்கு ஒருவராவது கோடையில் மாலை நேரம் ஒரு சுற்றுப் போய், “சாப்பிட்டீகளா, தண்ணி குடிச்சீகளா?” என்று கேட்டு வருவதும் தகவமைப்பில் சேர்த்திதான். தகரமும் சிமென்ட் தாளும் வேய்ந்த வீட்டில் இருப்பவர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். கான்கிரீட் மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் ஒரு பகுதி அப்படியே திரும்பிப் போய்விடும், செலவும் குறைவு.

தப்பாகப் போகும் தகவமைப்பு என்றும் ஒன்று உண்டு. நல்ல எண்ணத்தில் செய்து, நிலைமையை இன்னும் கெடுத்துக்கொள்வது. தண்ணீர் இறங்கிவிட்டது என்று ஆழ்துளைக் கிணற்றுப் போரை இன்னும் ஆழமாக்குகிறோம், பக்கத்து வீட்டுப் போர் வற்றுகிறது, அவரும் ஆழமாக்குகிறார். சம்பை ஊற்றுத் தண்ணீரின் ருசியைப் பற்றிப் பெருமை பேசும் ஊரில் இது நடக்கிறது. ஊருணியை அழகுபடுத்துகிறேன் என்று தரையிலும் சிமென்ட் போட்டால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது. சுற்றிலும் சுவர் எழுப்பி நடைபாதை போட்டு, வரத்துக்காலுக்கு வழி விட மறந்த ஊருணி ஒன்றை நானே பார்த்திருக்கிறேன். விளக்கு இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது, நடுவில் புல் முளைத்திருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். மிக நல்ல சட்டம். உங்கள் மாடிக் குழாய் எங்கே போய் முடிகிறது என்று இன்று சாயங்காலம் ஒரு தடவை பாருங்கள்.

பறவைக்காகப் பட்டாசை விட்ட ஊர்

கருத்தரங்குத் தலைப்பில் மூன்று சொற்கள் இருந்தன. சூழலியல் என்பது உயிர்களும் அவற்றைச் சுற்றியிருப்பவையும் ஒன்றையொன்று எப்படிச் சார்ந்திருக்கின்றன என்ற படிப்பு. பாதுகாப்பு என்பது அந்தச் சார்பு அறுந்துபோகாமல் காப்பது. இந்த இரண்டையும் தகவமைப்போடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேட்டங்குடிக்குப் போய் வந்தால் போதும்.

திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டி என்று மூன்று கண்மாய்கள். 1977-ல் பறவைகள் சரணாலயம் ஆனது, பரப்பு சுமார் 38 ஹெக்டேர்தான். மழைக்குப் பிறகு போனால் கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் நத்தைகுத்தி நாரையும் கொக்கும் அரிவாள்மூக்கனும் கூடு கட்டியிருக்கும். குஞ்சுகளின் இரைச்சல் கரையிலிருந்தே கேட்கும். அந்தக் கிராமத்து மக்கள் பறவைகள் பயந்து ஓடிவிடக் கூடாது என்று தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. பல வருடங்களாக அப்படித்தான். அந்த ஊர்ப் பிள்ளைகள் பட்டாசு கேட்டு அழுதிருக்க மாட்டார்களா? அழுதிருப்பார்கள். ஊர் சொல்லிப் புரியவைத்திருக்கிறது. பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் போகிறது, வயலில் பறவைகள் பூச்சியையும் நத்தையையும் பொறுக்குகின்றன. கண்மாய் நிறையாத வருடம் பறவை வந்து தங்காது. பறவைக்காகக் கண்மாயைக் காத்தால் வயலும் பிழைக்கும் என்பதால், அங்கே பாதுகாப்பு வேறு தகவமைப்பு வேறு என்று பிரிக்கவே முடியாது.

கோயில்காடுகளும் இப்படித்தான். அய்யனார் கோயிலைச் சுற்றி உலக்கைப்பாலையும் வீரையும் நாவலும் பின்னி நிற்கும் கொஞ்ச இடம் ஊரின் நிழல், மண்ணின் ஈரம், விதைக் களஞ்சியம் எல்லாமே. அதைச் சுற்றித் தைலமரமும் சீமைக்கருவேலமும் பரவியிருப்பதைப் பார்த்தால் இருக்கிற கொஞ்சத்தின் அருமை தெரியும்.

அடுத்த கருத்தரங்கில் என்ன கேட்பது?

மேடையில் ‘இடர்’ என்ற சொல் வந்தால் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். வருவது என்ன, அது யார்மேல் விழுகிறது, தாங்கும் சக்தி அவர்களுக்கு எவ்வளவு. ஒரே வெயில்தான், ஆனால் ஊரக வேலைத் திட்டத்தில் வரத்துக்கால் வெட்டுகிறவர்மேல் விழுவது வேறு, மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் என்மேல் விழுவது வேறு. ஆத்தங்குடியில் கண்ணாடிமேல் வார்த்த கல்லை வெயிலில் காயவைக்கிறவர் பருவம் தப்பிய மழையால் படும் நட்டம் இன்னொரு விதம். வெயிலை நாம் குறைக்க முடியாது. அது யார்மேல், எந்த நேரத்தில் விழுகிறது என்பதையும், அவர்கள் எப்படித் தாங்குவார்கள் என்பதையும் மாற்ற முடியும். வேலை நேரத்தைக் காலை ஆறு மணிக்கு நகர்த்துவதுகூடப் பெரிய தகவமைப்புதான்.

பேச்சு முடிந்து கேள்வி நேரம் வந்தால் கூச்சப்படாதீர்கள். ஆச்சி கேட்டதையே கேளுங்கள்: இதில் நாங்கள் செய்ய வேண்டியது எது? எந்த மாதத்தில்? யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அடுத்த வருடம் யார் பார்ப்பார்கள்? வந்திருக்கும் அறிஞருக்கு உங்கள் ஊர் வரத்துக்கால் தெரியாது, உங்களுக்குத் தெரியும். அதையும் எழுந்து சொல்லுங்கள், அவருக்கும் உதவும். அங்கே கேட்டதைக் கிராம சபைக்குக் கொண்டுபோகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கூட்டம். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள், ஊருணி பற்றிப் பேச அதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊருக்கு ஊர் ‘மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு’ என்று, அங்கே வாழும் மரஞ்செடிகளையும் உயிர்களையும் எழுதிவைக்கும் ஏடு ஒன்று வைக்க வேண்டும். உங்கள் ஊரில் அது இருக்கிறதா, அதில் கோயில்காட்டு மரங்கள் எழுதப்பட்டிருக்கின்றனவா என்றும் அங்கேயே கேட்கலாம்.

கார்த்திகையில் ஆச்சியைக் கடைவீதியில் பார்த்தேன். குழாயில் அடைத்திருந்த கதையைச் சொன்னேன். மூட்டையை இழுத்ததும் தண்ணீர் வந்ததைச் சொன்னபோது முகம் மலர்ந்தது. கேட்டு முடித்துவிட்டு, “சரி, அடுத்த வருசம் மழைக்கு முன்னாடி அந்தக் குழாயை யாரு பாக்குறது?” என்றார்கள்.

புரட்டாசி கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி, நானும் தெரு அண்ணனும் இன்னும் நான்கு பேரும் என்று நோட்டில் குறித்து வைத்திருந்ததைக் காட்டினேன். ஆச்சி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேர்களை ஒவ்வொன்றாகப் படித்தார்கள்.

“மம்பட்டி ரெண்டு எங்க வீட்டு ரெண்டாங்கட்டுல கெடக்கு, வந்து எடுத்துக்கங்க. காபி நான் போட்டுத் தர்றேன்.”